கோதுமை மணி முதல் இரண்டு கோடுகள் வரை: தாய்மையை அறிந்துகொண்ட வரலாறு

"முழுகாமல் இருக்கிறாள்."

ஒரு பெண் கருவுற்றிருப்பதை நம் பாட்டிமார்கள் இந்த இரண்டு சொற்களில் சொல்லி முடித்துவிடுவார்கள். மாதவிலக்கு முடிந்ததும் தலைக்கு முழுகுவது வழக்கம். முழுக வேண்டிய நாள் வந்தும் முழுகவில்லை என்றால், வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு மசக்கை, வாந்தி, புளிப்பின் மேல் ஆசை, தாளிக்கும் வாசனை பட்டாலே குமட்டல் என்று ஒவ்வோர் அறிகுறியும் அந்தக் கணக்கை உறுதிப்படுத்தும். மருத்துவச்சி நாடி பிடித்துப் பார்த்துத் தலையசைப்பார். அவ்வளவுதான் பரிசோதனை.

இன்று மருந்தகத்தில் சில வெள்ளி கொடுத்தால் ஒரு சிறிய பட்டை கிடைக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஒரு கோடா, இரண்டு கோடா என்று தெரிந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் நடந்தது என்ன? ஒரு பெண்ணின் உடலில் நிகழும் மாற்றம் முதலில் யாருக்குத் தெரிய வேண்டும்? தெரிந்த பிறகு அவள் யாரிடம் போவது? இந்தக் கேள்விகளுக்கு மனித சமுதாயம் பதில் தேடிய கதை 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

எகிப்தியரின் தானிய மூட்டை

இன்றைக்குச் சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட எகிப்தியப் பேப்பிரஸ் சுவடி ஒன்றில் ஒரு சோதனை முறை காணப்படுகிறது. சந்தேகம் உள்ள பெண், கோதுமை மீதும் பார்லி மீதும் பல நாட்கள் சிறுநீர் விட வேண்டும். தானியம் முளைத்தால் அவள் கருவுற்றிருக்கிறாள். இரண்டுமே முளைக்காவிட்டால் இல்லை. எந்தத் தானியம் முளைக்கிறது என்பதைக் கொண்டு ஆணா பெண்ணா என்றும் குறி சொன்னார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1963இல் ஆய்வாளர்கள் இதே முறையைச் சோதித்துப் பார்த்தபோது, கருவுற்ற பெண்களின் சிறுநீர் ஏறக்குறைய 70 விழுக்காடு நேரங்களில் தானியத்தை முளைக்க வைத்தது. கருவுறாத பெண்களின் சிறுநீரும் ஆண்களின் சிறுநீரும் முளைக்க வைக்கவில்லை. ஆணா பெண்ணா என்ற குறி மட்டும் பலிக்கவில்லை. தாய்மையின் செய்தி சிறுநீரில் இருக்கிறது என்பதை எகிப்தியர் எப்படியோ உணர்ந்திருக்கிறார்கள். அந்தச் செய்தி என்னவென்று அறியத்தான் 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எலி, முயல், தவளை

1927இல் பெர்லின் நகரில் செல்மார் அஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோன்டெக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு முறையைக் கண்டறிந்தார்கள். கருவுற்ற பெண்ணின் சிறுநீரைப் பருவம் எய்தாத பெண் சுண்டெலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், அதன் கருப்பை அண்டகத்தில் மாற்றம் ஏற்படுகிறது. கருவுற்றதும் உடலில் தோன்றும் ஒரு ஹார்மோன் அதற்குக் காரணம். இன்று நாம் ஹெச்.சி.ஜி. என்று அழைப்பது அதைத்தான். முடிவு தெரியப் பல நாட்கள் ஆகும். எலியைக் கொன்று அறுத்துப் பார்க்க வேண்டும்.

1931இல் அமெரிக்காவில் எலிக்குப் பதிலாக முயல் வந்தது. முயல் செத்தால் அந்தப் பெண் கர்ப்பிணி என்று மேல்நாட்டில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. கர்ப்பமோ இல்லையோ, எல்லா முயலும்தான் அறுக்கப்பட்டது.

1930களில் தென்னாப்பிரிக்கத் தவளை ஒன்று இந்தக் கொலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கேப்டவுனில் பணியாற்றிய லான்செலாட் ஹாக்பென் என்ற விஞ்ஞானியின் ஆய்வைத் தொடர்ந்து வந்தது இது. கருவுற்ற பெண்ணின் சிறுநீரைச் செலுத்தினால் பெண் தவளை ஓர் இரவுக்குள் முட்டையிடும். முட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டு, தவளையை மறுபடி தொட்டியில் விட்டுவிடலாம். 1947இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த கல்லி மைனினி ஆண் தேரையையும் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அதன் பின் பல நாடுகள் தத்தம் உள்ளூர்த் தேரைகளைக் கொண்டே சோதனை செய்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டியின் கணக்கில் செய்தி வீட்டுக்குள் இருந்தது. எலியும் தவளையும் வந்த பிறகு அது ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது. பெண் மாதிரியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். முடிவு மருத்துவருக்கு வந்தது. அவர் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.

ஒரு டாலருக்குக் கைமாறிய கண்டுபிடிப்பு

1960இல் சுவீடனின் லைஃப் வீடே, கார்ல் கெம்செல் இருவரும் உயிருள்ள பிராணியே தேவையில்லாத சோதனையைக் கொண்டு வந்தார்கள். சோதனைக் குழாயில் ஆட்டின் இரத்த அணுக்களும் எதிர்ப்புப் பொருளும் இருந்தால் போதும்.

1967இல் மார்கரெட் கிரேன் என்ற 26 வயது வரைகலைஞர், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆர்கனான் என்னும் மருந்து நிறுவனத்துக்கு வேலைக்கு வந்தார். அழகுப் பொருள்களுக்கு உறை வடிவமைப்பது அவர் வேலை. ஒருநாள் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிப் பரப்பின் மேல் வரிசையாகத் தொங்கிய சோதனைக் குழாய்களைப் பார்த்து இவை என்ன என்று கேட்டார். கர்ப்பப் பரிசோதனை என்றார்கள். இவ்வளவு எளிதாக இருப்பதை ஒரு பெண் தன் வீட்டிலேயே ஏன் செய்துகொள்ளக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. காகிதக் கவ்விகள் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்துத் தம் வீட்டிலேயே ஒரு மாதிரியைச் செய்தார்.

நிறுவனத்தில் எதிர்ப்பு கிளம்பியது. மருத்துவர்களின் தொழில் கெட்டுவிடும் என்றார்கள். ஆனாலும் அவர் வடிவமைத்த பெட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டது. காப்புரிமை அவர் பெயரில் பதிவானது. உரிமையை ஒரு டாலருக்கு நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு டாலரும் தம் கைக்கு வரவில்லை என்று பின்னாளில் அவர் கூறினார். 1971இல் கனடாவில் அது விற்பனைக்கு வந்தது. அவர் கையால் செய்த அந்த முதல் மாதிரி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

1970களின் இறுதியில் அமெரிக்கக் கடைகளில் விற்ற வீட்டுச் சோதனைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. குழாயை ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். கர்ப்பம் என்று அது சொன்னால் 97 விழுக்காடு சரி. இல்லை என்று சொன்னால் 80 விழுக்காடுதான் சரி. இதற்கிடையே 1972இல் அமெரிக்காவில் ஜூடித் வைட்டுகைட்டிஸ் என்ற பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஹெச்.சி.ஜி.யை மற்ற ஹார்மோன்களிலிருந்து துல்லியமாகப் பிரித்தறியும் முறையை வெளியிட்டார்கள். 1988இல் ஒரே படியில் முடிவு காட்டும் பட்டை வந்தது. பாட்டி காலத்து வீட்டுக்குள் இருந்த அந்தச் செய்தி, சுற்றிச் சுற்றி மறுபடி பெண்ணின் கைக்கே வந்து சேர்ந்தது.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன லாபம்?

"எப்படியும் வயிறு தெரியத்தானே போகிறது, அதற்குள் ஏன் அவசரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குப் பதில் பம்பாயிலும் நீலகிரியிலும் இருக்கிறது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியாவுக்கு வந்தார். பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பக் காலத்தில் கடுமையான இரத்தச் சோகைக்கு ஆளாகி வந்தார்கள். அதன் காரணத்தை அவர் தேடினார். குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. நம் ஊர்க் கடைகளில் இன்றும் விற்கும் மார்மைட், அதாவது ஈஸ்ட் சாறு, அந்தப் பெண்களைக் குணப்படுத்துவதை 1931இல் அவர் வெளியிட்டார். அதில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்திய ஆய்வு அடுத்த உண்மையைக் காட்டியது. முதுகுத்தண்டு சரியாக மூடாத குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்கள் கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், அதே குறை மறுபடி ஏற்படுவது 70 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. அந்தத் தண்டு கருத்தரித்த முதல் 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. 28 நாள் என்பது பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே உறைக்காத காலம். மூன்றாம் மாதம் கிளினிக்குக்குப் போகிறவள் அந்த வாய்ப்பை இழந்துவிட்டாள் என்று அர்த்தம்.

இதன் மறுபக்கத்தையும் வரலாறு காட்டியிருக்கிறது. 1950களின் இறுதியில் மசக்கைக்கு நல்லது என்று தாலிடோமைடு மாத்திரை பல நாடுகளில் விற்கப்பட்டது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் அதை உட்கொண்ட தாய்மார்களுக்கு 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் ஊனத்துடன் பிறந்த பிறகு, 1961இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. கர்ப்பமா இல்லையா என்று பார்ப்பதற்கே ஹார்மோன் மாத்திரை கொடுத்த காலமும் இருந்தது. பிரைமோடாஸ் என்ற அந்த மாத்திரையைப் பற்றி 1967இலேயே எச்சரிக்கை எழுந்தும், பிரிட்டனில் அதன் விற்பனை நின்றது 1978இல்தான். அது குழந்தைகளைப் பாதித்ததா என்ற வாதம் இன்னமும் ஓயவில்லை. கருவுற்றிருக்கலாம் என்ற சந்தேகம் வந்த உடனே, வாங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது இந்தக் குடும்பங்கள் விலை கொடுத்துக் கற்றுத் தந்த பாடம்.

எருமைத் தொழுவமும் கிராமத்து தாதியும்

நம் வட்டாரத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்துக்கு மலாய்மொழியில் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்று பெயர். நம்மவர்கள் மாடு வளர்த்த அந்த இடத்தில் இருந்த மருத்துவமனை 1924 அக்டோபர் முதல் தேதி 30 படுக்கைகளுடன் பிரசவ மருத்துவமனையானது. 1966இல் ஒரே ஆண்டில் 39,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்து, கின்னஸ் புத்தகத்தில் அதன் பெயர் ஏறியது. பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான பெஞ்சமின் ஷியர்ஸ் அங்கே பணியாற்றிய மகப்பேற்று மருத்துவர்.

ஆனால் மருத்துவமனை மட்டும் போதாது என்பதை 1920களிலேயே உணர்ந்தவர் ஐடா சிம்மன்ஸ் என்ற தாதி. சிங்கப்பூரின் புறநகர்க் கம்பங்களுக்கும் தீவுகளுக்கும் நடந்தும் படகேறியும் சென்று கர்ப்பிணிகளைத் தேடிப் பார்த்தார். 1927இல் அந்தப் பகுதிகளில் பிறந்த 1,000 குழந்தைகளில் 263 ஒரு வயதுக்குள் இறந்தன. அவர் ஓய்வு பெற்ற 1948இல் அது 57 ஆகக் குறைந்திருந்தது.

மலாயாவின் கதையும் இதுதான். 1950இல் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் 500க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். 1957இல், சுதந்திரம் பெற்ற ஆண்டில், அது 280 அளவுக்கு இறங்கியது. அதன் பின்னர் நாடு முழுவதும் கிராமப்புறச் சுகாதாரச் சேவை பரவியது. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு பிரசவத் தாதி என்று கணக்குப் போட்டார்கள். கம்பத்து மருத்துவச்சிகளை விரட்டாமல், அவர்களுக்குப் பயிற்சி தந்து, கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு அழைத்து வருபவர்களாக மாற்றினார்கள். 1989 முதல் கர்ப்பிணியின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டும் முறை வந்தது. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணமும் ஏன் நிகழ்ந்தது என்று ஆராயப்படுகிறது.

2019இல் அந்த எண்ணிக்கை 21 ஆக இருந்தது. ஆனால் கோவிட் பரவிய 2021இல் 68க்குத் தாவியது. எழுபது ஆண்டு உழைப்பில் பெற்றது ஒரே ஆண்டில் எவ்வளவு ஆட்டம் கண்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தோட்டத்துப் பெண்ணின் நிலை

இந்த வளர்ச்சியில் நம் தோட்டப்புறப் பெண்களின் இடம் சற்றுத் தள்ளியே இருந்தது. கிராமத்துக்குச் சென்ற அரசாங்கத் தாதிக்குத் தோட்டம் தனியார் நிலம். அங்கே மருத்துவம் நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரசரும்தான் கதி. விடியற்காலைப் பிரட்டுக்கு நின்று, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போகும் பெண், முழுகாமல் இருக்கும் செய்தியை எத்தனை நாள் மறைத்திருப்பாள்? வேலை குறைந்தால் சம்பளம் குறையும் என்ற பயம் வாந்தியைக் கூட விழுங்க வைத்தது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 60 நாள் பிரசவ விடுப்பு தந்தது. அது தீபகற்ப மலேசியாவில் 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரி முதல் தேதிதான். கர்ப்பிணி என்பதற்காக ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் தெளிவாக எழுதப்பட்டது. சிங்கப்பூரில் குடியுரிமை பெறும் குழந்தையின் தாய்க்கு 2008 முதல் 16 வார விடுப்பு உண்டு. இன்று தொழிற்சாலையிலும் பேரங்காடியிலும் வேலை செய்யும் நம் பெண்கள், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சட்டம் இருப்பது தெரிந்தால்தானே அதைக் கேட்க முடியும்?

சொல்ல முடியாதவர்களுக்கும் ஒரு வழி

இரண்டு கோடுகளைப் பார்த்து எல்லாரும் மகிழ்வதில்லை. திருமணமாகாத பெண், பள்ளி மாணவி, கணவனால் துன்புறும் மனைவி, ஐந்தாவது பிள்ளையைத் தாங்க முடியாத தாய் என்று பயந்து நிற்பவர்களும் உண்டு. நம் சமுதாயத்தில் இவர்களைப் பற்றிப் பேசுவதே கூச்சம். அந்த மௌனத்தின் விளைவைத்தான் குப்பைத்தொட்டியில் கண்டெடுக்கப்பட்ட சிசு என்ற செய்தியாக நாளிதழில் படிக்கிறோம். படித்துவிட்டு அந்தப் பெண்ணைத் திட்டுகிறோம். அவள் ஒன்பது மாதமும் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தாள் என்பதை யோசிப்பதில்லை.

வழிகள் இருக்கின்றன. குழந்தையைப் பெற்று வளர்க்க விரும்பினால் சுகாதாரக் கிளினிக்கும் சமூகநல இலாகாவும் துணை நிற்கும். மலேசியாவில் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைத்து உதவி கேட்கலாம். வளர்க்க முடியாத நிலையில், முறையான தத்துக் கொடுப்புக்கு வழியுண்டு. 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அமைப்பு, குழந்தையைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் தொட்டிலைத் திறந்தது.

கருக்கலைப்பைப் பற்றியும் தவறான எண்ணங்கள் உள்ளன. சிங்கப்பூரில் 1969இல் நிறைவேறிய சட்டத்தின் வழி அது அனுமதிக்கப்பட்டது. ஆலோசனையும் 48 மணி நேரக் காத்திருப்பும் கட்டாயம், பொதுவாக 24 வாரம் வரைதான் செய்யலாம். மலேசியாவில் அது பொதுவாகக் குற்றம். எனினும் 1989இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவின்படி, தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கர்ப்பம் கூடுதல் ஆபத்து என்று பதிவு பெற்ற மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் விலக்கு உண்டு. எந்த முடிவானாலும் அது தேர்ந்த மருத்துவரிடம், முதல் வாரங்களிலேயே பேசி எடுக்கப்பட வேண்டியது. இணையத்தில் வாங்கிய பெயர் தெரியாத மாத்திரையும் நாட்டு மருந்தும் உயிருக்கே உலை வைக்கும்.

நாள் தள்ளிப்போனால்...

இத்தனை ஆண்டு வரலாறு நம் வீட்டுக்குச் சொல்வது சில எளிய காரியங்கள்தான்.

நாள் தள்ளிப்போனால், அதற்கடுத்த நாளே சோதனை செய்யலாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் நல்லது. இல்லை என்று காட்டியும் மாதவிலக்கு வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். கிளினிக்கில் யூ.பி.டி. செய்ய வேண்டும் என்று கேட்டாலே தாதியர் புரிந்துகொள்வார்கள்.

உறுதியானதும் 12 வாரத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும். அங்கே எடுக்கும் இரத்தச் சோதனை இரத்தச் சோகை, ஹெச்.ஐ.வி., சிஃபிலிஸ் ஆகியவற்றைக் காட்டிவிடும். 1998இல் தொடங்கிய ஹெச்.ஐ.வி. சோதனையின் பலனாகத்தான், தாயிடமிருந்து சேய்க்கு ஹெச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது.

குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வது நல்லது. நீரிழிவு, வலிப்பு போன்ற நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டையில் வலி என்று வந்தால் கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் ஒரு பெண் "எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்று சொல்லும்போது, அது எப்படிப்பட்ட சூழ்நிலையானாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "யாரிடம் காட்டினாய்?" என்பதுதான். "யார் காரணம்?" என்பது அல்ல. அந்த ஒரு கேள்வி மாறினால், அவள் கிளினிக்குக்குப் போகும் நாள் முந்தும். நாள் முந்தினால் தாயும் பிழைப்பாள், சேயும் பிழைக்கும்.